பட்டாலிக் போன திருச்சிக்காரர்

மே மாதக் கடைசியில் டெல்டாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவன் கொஞ்சம் கிறுக்கனாகத்தான் இருக்க வேண்டும். மேட்டூர் திறந்திருக்காது, காவிரியில் மணல்தான். ஆனால் நான் ஆற்றுக்காகப் போகவில்லை. மே 29, கார்கில் போரில் மேஜர் சரவணன் இறந்த நாள். திருச்சி கண்டோன்மென்டில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

1972 ஆகஸ்ட் 10-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர், குடும்பம் திருச்சியில். அப்பாவும் ராணுவ அதிகாரிதான், விபத்தில் முன்பே போய்விட்டார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பிள்ளையும் பட்டாளத்துக்குப் போக, அம்மா அனுப்பி வைத்திருக்கிறார். இதை எல்லோரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ கதையே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

சரவணன் இருந்தது பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனில். 1999 கார்கில் போர், லடாக்கில் சிந்து நதி ஓடும் பட்டாலிக் பகுதி. பதினான்காயிரம் அடி உயரத்தில் எதிரி பிடித்து வைத்திருந்த நிலையைத் தாக்கினார்கள். குண்டுச் சிதறல் பட்டுக் காயமான பிறகும், பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்த பிறகும், அவர் சண்டையை விடவில்லை. வயது 26. பின்னர் வீர் சக்ரா விருது கிடைத்தது.

நினைவிடத்தில் ஒரு பெரியவர் பாலிதீன் பையிலிருந்து சாமந்தியை உதிர்த்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரத்தநாட்டுப் பக்கம், ஓய்வு பெற்ற சுபேதார். "அங்கே பத்தடி ஏறினா நின்னு மூச்சு வாங்கணும் தம்பி. மேல உக்காந்திருக்கிறவனுக்குத் துப்பாக்கியே வேணாம், கல்லை உருட்டிவிட்டா போதும்" என்றார்.

சரவணனின் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நம் பக்கம் சாவுக்கென்று ஒரு கணக்கு உண்டு: பால் தெளிப்பு, கருமாதி, காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் முழுக்கு. செய்தி வந்து உடல் வராமல் இருந்த அந்த நாட்களில் என்னதான் செய்வார்கள்? அடுப்பு மூட்டலாமா, கூடாதா என்பதுகூடக் கேள்விதானே.

பெரியவர் காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் வாங்கக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே மணிக்கூண்டாக நிற்பது முதல் உலகப் போர் நினைவுச்சின்னம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அடியில் தள்ளுவண்டி, மூட்டை, லோடுமேன்களின் சத்தம். அந்தப் போருக்குப் போனவர்களின் வீட்டில் யார் யார் காத்திருந்தார்கள் என்று மணிக்கூண்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த வகையில் சரவணனைப் பெயரும் முகமுமாக ஊர் நினைவில் வைத்திருப்பது நல்ல விஷயம்.

கார்கில் சமயத்தில் உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டேன். ஊருக்கே ஒரு எஸ்டிடி பூத்தாம். போன் வந்தால் பூத்துக்காரர் பையனை அனுப்பிக் கூப்பிடுவார். அந்தப் பையன் சைக்கிளில் தெரு திரும்பினாலே அவர் மனைவி கதவைச் சாத்திக்கொள்வாராம்.

"நான்தான் பேசறேன்னு தெரியாம, ரெண்டு தடவை வரவே இல்லை தம்பி" என்று சொல்லிவிட்டு, "கிலோ எவ்வளவும்மா?" என்று கடைக்காரம்மாவிடம் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.