தொட்டமளூர் கண்ணனும் பெல்லூர் நாரைகளும்

மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. "தொட்டமளூர் கண்ணனுக்குத் தொட்டில் கட்டுறேன்னு வேண்டிக்கோங்கக்கா" என்று பெங்களூரு அல்சூர் மார்க்கெட்டில் பூக்கட்டும் அம்மா சொன்னார். வேண்டிக்கொண்டேன். பேத்திக்கு ஐந்து மாதம் ஆனதும், மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, நேர்த்திக்கடனைச் செலுத்தக் கிளம்பினோம்.

பழைய மைசூர் ரோட்டில்தான் போனோம். வழியில் சென்னப்பட்டணத்தில் ஒரு மரப்பொம்மைப் பட்டறை திறந்திருந்தது. 'ஆலெ மரம்' என்றார் கடைசல்காரர். நம் ஆலமரமோ என்று பார்த்தால், வெப்பாலை. கிலுகிலுப்பைக்காகச் சுழலும் கட்டைமேல் மஞ்சள் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார். தேய்க்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது. அப்புறம் காய்ந்த தாழை மடலை வைத்து ஒரு இழுப்பு. முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு. குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை, மஞ்சளில் எடுத்த நிறம் என்றார். அந்தக் கிலுகிலுப்பையை வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் தொட்டமளூர். மூலவர் அப்ரமேயர், தாயார் அரவிந்தவல்லி. நவநீத கிருஷ்ணன் தனிச் சந்நிதியில். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையில் வெண்ணெயோடு தலை நிமிர்ந்து தவழ்கிறான். புரந்தரதாசர் இவனைப் பார்த்துத்தான் உருகிப் பாடினார் என்பது ஐதீகம். கிலுகிலுப்பையை அவன் திருவடியில் வைத்து வாங்கி, பேத்தி கையில் கொடுத்தேன். கட்டியிருந்த தொட்டில்களுக்கு நடுவே எங்கள் மரத்தொட்டிலையும் கட்டியபோது மகள் அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை.

அங்கேயே திரும்பியிருக்கலாம். மாப்பிள்ளைதான் கொக்கரெ பெல்லூரையும் பார்த்துவிடலாம் என்றார். ருத்ராட்சிபுரத்தில் திரும்பி 12 கிலோமீட்டர், மத்தூர் தாலுகா. ஊருக்குள் நுழையும்போதே சத்தம் கேட்கிறது. வீட்டுக் கூரைகளுக்கு மேலேயே புளியமரங்களில் கூடு கூடாக மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும். 1916-ல் பிளேக் வந்து ஷிம்ஷா ஆற்றங்கரையிலிருந்து ஊரே இடம் மாறியபோது பறவைகளும் கூடவே வந்துவிட்டன என்கிறார்கள். கீழே விழும் எச்சம் வயலுக்கு உரம். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளையும் எடுத்து வளர்க்கிறார்கள். 2007-ல் அரசு இந்த ஊரைச் சமுதாயக் காப்பகமாக அறிவித்தது. ஆனால் காவல் அதற்கு ரொம்ப முன்னாலேயே ஊருடையது.

ஒரு வீட்டு வாசலில் நிழலுக்கு நின்றோம். நிமிர்ந்து பார்த்தேன், மரம் முழுக்கப் புளி பழுத்துத் தொங்கியது. "உலுக்கலையா அஜ்ஜி?" என்று கன்னடத்தில் கேட்டேன். பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேலே கூட்டிலிருந்த நாரையைக் காட்டினார். "மக தவருமனைக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கா. அவ இருக்கும்போது மரத்தை உலுக்குவாங்களாம்மா?" என்றார். தவருமனை என்றால் தாய்வீடு. புளியை உலுக்காமல் விடுவதற்காக வனத்துறை மரத்துக்காரர்களுக்கு ஒரு தொகை கொடுக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். பாட்டி பேச்சில் அந்தத் தொகை வரவேயில்லை.

என் மகளும் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து என் வீட்டுக்குத்தான் வந்தாள். அவள் தூங்கும்போது மிக்ஸி போடாமல் அம்மியில் அரைத்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

பாட்டி கையை நீட்டி பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். மேலே ஒரு நாரை இறங்கி, கழுத்தை வளைத்துக் குஞ்சுக்கு இரை கொடுத்தது. பேத்தி கிலுகிலுப்பையை ஆட்டினாள். "மெதுவா, கண்ணு" என்று பாட்டி அதை மெல்லப் பிடித்துக்கொண்டார்.