வாலிநோக்கத்தில் ஒரு கோணல் கேலக்ஸி

இருட்டு வானம் வேண்டுமா, லடாக் போ என்பார்கள். நான் படம் எடுக்க ஆசைப்பட்ட என்ஜிசி 1313 என்ற கேலக்ஸி அங்கே அடிவானத்துக்கு மேலே வரவே வராது, லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கும் அது எட்டாது, அவ்வளவு தெற்கே கிடக்கிறது. நம்ம ராமநாதபுரம் கரையில் நின்றால் கடலுக்கு மேலே 14 டிகிரி வரை ஏறும். அதற்கு மேல் ஒரு இம்மி ஏறாது.

தனுஷ்கோடியில் ராத்திரி தங்க விடமாட்டார்கள். அதனால் ஜனவரி அமாவாசையை ஒட்டி, கீழக்கரை, ஏர்வாடி தாண்டி வாலிநோக்கம் போனோம். தெற்கே வெறும் கடல், விளக்கே இல்லை. ஆனால் கேமராவை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் மவுண்ட்டைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டுமே, அது இங்கே 9 டிகிரி உயரத்தில், சரியாகப் பனைமரங்களுக்குப் பின்னால்! நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் மவுண்ட்டைத் திருப்பினோம். வாடைக்காற்றுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தியாயிற்று.

எட்டு மணிவாக்கில் கேலக்ஸி உச்சத்துக்கு வந்தது. அந்த உயரத்தில், தலைக்கு மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு ஒளி வர வேண்டும், நீலம்தான் முதலில் அடிபடும். இதன் அழகே இளம் நீல நட்சத்திரக் கொத்துகள்தான் என்பது வயிற்றெரிச்சல். 1826இல் ஜேம்ஸ் டன்லப் ஆஸ்திரேலியாவிலிருந்து கண்டுபிடித்தார், அவருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இருந்திருக்காது.

வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் வந்து, "என்ன தம்பி, கப்பலப் பாக்குறியளா?" என்றார்.

"இல்லண்ணே, அதுக்கும் அங்கிட்டு."

திரையில் காட்டினேன். சுமார் 1.4 கோடி ஒளியாண்டு தூரம், நம் பால்வெளியில் பாதி அகலம்கூட இருக்காது. சுருள் கைகள் ஒழுங்கில்லாமல் பிய்ந்து கிடக்கின்றன, நட்சத்திரங்கள் தாறுமாறாகப் பிறக்கின்றன, சுழலும் அச்சுகூட நடுவில் இல்லை. இப்படிக் கலைந்த கேலக்ஸிக்குப் பக்கத்தில் பெரிய கேலக்ஸி ஒன்று இழுத்துக்கொண்டிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இதற்கு அப்படி யாரும் இல்லை.

"அப்ப யாரு இடிச்சது?" என்றார் அவர். ஆய்வாளர்களுக்கும் அதே கேள்விதான். ஹைட்ரஜன் வாயு கலைந்து கிடக்கும் விதத்தை ரேடியோ தொலைநோக்கியில் பார்த்தவர்கள், குட்டித் துணைக் கேலக்ஸி ஒன்று மோதிச் சிதைந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள்.

வீட்டில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்தபோது நடுப்பட்டையும் ஒரு கையும் தெளிவாக வந்தன, இன்னொரு கை பாதிதான். நீலம் மங்கலாக, பழுப்பேறித் தெரிகிறது. நிறத்தை ஏற்றிக் காட்டலாம், எனக்கு மனசில்லை, இந்தக் கரையிலிருந்து அது இப்படித்தான் தெரியும். அடுத்த அமாவாசைக்கு மூக்கையூர் போவதாக இருக்கிறோம், லென்ஸில் பனி கட்டாமல் இருக்க ஒரு ஹீட்டர் பட்டை வாங்க வேண்டும்.