அப்பாவின் வட்டியில் பிடித்த 21,000 ரூபாயைத் திரும்ப வாங்கிய கதை

போன வாரம்தான் பணம் வந்து சேர்ந்தது, 21,420 ரூபாய். 2025 பொங்கலுக்கு ஆரம்பித்த அலைச்சல், செப்டம்பர் கடைசியில் முடிந்திருக்கிறது. ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டியிராத மனிதர் இவ்வளவு அலைய வேண்டியிருந்ததே என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்பாவுக்கு 68 வயது. பட்டு வளர்ச்சித் துறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு பாலக்கோடு பக்கம். பென்ஷன் மாதம் 24,000. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 14 லட்சத்தை 7.5 சதவீதத்துக்கு டெபாசிட் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 26,250 வட்டி வாங்கிக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு ஓசூரிலிருந்து ஊருக்குப் போனபோது வேறு எதற்கோ பாஸ்புக்கைப் புரட்டினேன். 2024 ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று மூன்று முறையும் 21,000தான் வரவு ஆகியிருக்கிறது. கேட்டால், "வட்டியக் கொறச்சிட்டாங்க போல கண்ணு" என்கிறார். போட்ட டெபாசிட்டுக்கு நடுவில் வட்டி குறையாது என்று அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

ஒரு நாள் லீவு போட்டு அப்பாவோடு வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டிடிஎஸ் பிடிச்சிருக்குங்க" என்றார், அதாவது வட்டியைத் தரும்போதே வங்கி பிடித்துக் கட்டிவிடும் வருமான வரி. "ஏப்ரல்லயே 15எச் ஃபார்ம் குடுத்தாரே சார்" என்றதும் (எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள் என்று மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுப்பது அது) கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, பான் கார்டை ஆதாரோடு இணைக்கவில்லை, அதனால் பான் செயல்பாட்டில் இல்லை, அப்படியானால் 15எச் செல்லாது, 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிப்பார்கள் என்றார். ஃபார்மை வாங்கிய அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால்? "அது சிஸ்டம் பண்றது மேடம்." அவ்வளவுதான் பதில். அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் மனசு கொதிக்கிறது.

சரி, இணைத்துவிடலாம் என்று அபராதம் 1,000 ரூபாயை ஆன்லைனில் கட்டிவிட்டு முயன்றால், பிறந்த தேதி பொருந்தவில்லை என்று வருகிறது. ஆதாரில் இருப்பதுதான் சரியான தேதி. பானில் நாளும் மாதமும் இடம் மாறி இருக்கின்றன, பல வருடம் முன்பு தர்மபுரியில் ஒரு ஏஜென்ட் மூலம் வாங்கிய கார்டு. கட்டும் முன்பே இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர், பிறந்த தேதி எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, கட்டிய 1,000 வீணாகவில்லை, திருத்தம் முடிந்தபின் அதையே எடுத்துக்கொண்டது. பான் திருத்தத்துக்கு அரசுக் கட்டணம் அப்போது 107 ரூபாய், பிரவுசிங் சென்டரில் 250 வாங்கினார்கள். திருத்தம் வந்து மார்ச் முதல் வாரத்தில் இணைத்தோம். இணைத்தாலும் பான் உயிர் பெற 30 நாள் வரை ஆகும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் மார்ச் மாத வட்டியிலும் 5,250 போய்விட்டது. நாலு தடவைக்கு மொத்தம் 21,000. (80 வயது தாண்டியவர்களுக்கு இந்த இணைப்புக் கட்டாயம் இல்லை. அப்படி யாராவது வீட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம்.)

இதற்கு நடுவில் பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட் வந்தது. 12 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்ததும் அப்பாவுக்கு ஊரில் ஆளாளுக்கு ஆலோசனை, "இனிமே ஒண்ணும் பிடிக்க மாட்டாங்க, சும்மா இரு" என்று. பாதிப் பேர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். அந்த 12 லட்சம் 2025 ஏப்ரலுக்குப் பிறகு வரும் வருமானத்துக்கு. அதற்கு முந்தைய வருடத்துக்குப் புதிய வரி முறையில் 7 லட்சம்தான். அப்பாவின் வருமானம் 4 லட்சத்துக்குள்ளே என்பதால் இரண்டிலுமே அவருக்கு வரி பூஜ்யம்தான். ஆனால் வங்கி அதையெல்லாம் பார்க்காது, வட்டி வரம்பைத் தாண்டினால் பிடிக்கும். வரி இல்லை என்பது வேறு, டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள் என்பது வேறு.

ஏப்ரலில் புது 15எச் கொடுக்கப் போனபோது அதே கவுன்டரில் அடுத்த தடங்கல். மூத்த குடிமக்களுக்கு டிடிஎஸ் பிடிக்காத வட்டி வரம்பு வருடத்துக்கு 50,000லிருந்து ஒரு லட்சம் ஆகிவிட்டது, ஃபார்ம் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்தார். வரம்பு உயர்ந்தது உண்மைதான். ஆனால் அப்பாவின் வட்டி வருடத்துக்கு 1,05,000. வெறும் 5,000 கூடினாலும் அந்த 5,000க்கு மட்டும் பிடிக்க மாட்டார்கள், முழு 1,05,000க்கும் பிடிப்பார்கள். பேப்பரில் கணக்குப் போட்டு நீட்டினேன். மேனேஜரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். இந்த முறை நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்காமல் நகரவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள், இந்த ஃபார்ம் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டியது. அதே வங்கியின் வேறு கிளையில் டெபாசிட் இருந்தாலும் வட்டியைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள்.

பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அது எளிதாகவே முடிந்தது. ஜூலை தொடக்கத்தில் நானே ஐடிஆர்-1 என்ற கணக்குப் படிவத்தைப் போட்டேன். பென்ஷனில் நிலையான கழிவு 75,000, டிடிஎஸ் 21,000 முழுதும் 26ஏஎஸ்ஸில் (நம் பானில் பிடித்த வரியைக் காட்டும் பட்டியல்) இருந்தது, வரி பூஜ்யம். ஏஜென்ட் ஒருவர் இதற்கு 2,000 கேட்டிருந்தார். போட்டபின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்துச் சரிபார்க்க வேண்டும், ஆதாரில் இருக்கும் போன் நம்பர் இன்னும் ஓடுகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

ஜூலை கடைசியில் 420 ரூபாய் வட்டியோடு பணம் அனுப்பியதாகத் தகவல், இரண்டு நாளில் ரீஃபண்ட் தோல்வி என்று இன்னொரு தகவல். அப்பாவுக்கு நெஞ்சே அடைத்துப் போனது. காரணம் இனிஷியல். வங்கிக் கணக்கில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துதான், பானில் தாத்தா பெயர் முழுதாகப் பின்னால் வருகிறது. நம் ஊரில் யாருக்குத்தான் இந்தச் சிக்கல் இல்லை? வங்கியில் பெயரை பான்படி மாற்ற மூன்று முறை போனோம். ஒருநாள் சர்வர் இல்லை, ஒருநாள் அதைப் பார்க்கிறவர் லீவு. மாற்றியபின் வருமான வரி போர்ட்டலில் வங்கிக் கணக்கை மறுபடி சரிபார்த்து, ரீஃபண்டைத் திரும்ப அனுப்பச் சொல்லி ஒரு கோரிக்கையும் தனியாகப் போட வேண்டியிருந்தது. அது தானாக வராது, நாம்தான் கேட்க வேண்டும்.

இந்த வருடம் ஜூனில் அப்பாவுக்கு 26,250 முழுதாக வரவு ஆகியிருக்கிறது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டதும் போன் செய்து தொகையைப் படித்துக் காட்டினார்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அப்பாவின் பணம் வந்த நாளில்தான் அம்மாவின் 26ஏஎஸ்ஸைத் திறந்து பார்த்தேன். அம்மாவுக்கு 57 வயது, ஆறு லட்சம் டெபாசிட்டுக்கு 42,000 வட்டி, வேறு வருமானம் இல்லை. 2024-25இல் 60 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வரம்பு 40,000தான், 2025 ஏப்ரலில்தான் 50,000 ஆனது. 15எச் போலவே 60 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கான 15ஜி கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் 4,200 பிடித்திருக்கிறார்கள். செப்டம்பர் கெடு தாண்டிவிட்டது, ஆனாலும் 2025 டிசம்பர் 31 வரை தாமதக் கணக்கு போடலாம், வருமானம் அடிப்படை வரம்புக்குள் இருப்பதால் தாமதக் கட்டணமும் இல்லை. வருகிற சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். இந்தத் தடவை முதலில் வங்கியில் அம்மாவின் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.