கண்மாய்ப் பொட்டலில் பழகி, செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆடியது

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் கோல்ஃப் ஆடப் போகிறவர்களுக்குச் செட்டிநாட்டுக் கோடையைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது என்பது, அம்மானோடு அங்கே போய் ஆடிவிட்டு வந்தபின் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து. மலேசியாவில் வேலை பார்த்த காலத்தில் இந்த ஆட்டத்தைப் பழகிய அம்மான், கானாடுகாத்தானுக்குத் திரும்பிய பிறகு, பங்குனி சித்திரையில் நீர் வற்றி இறுகிக் கிடக்கும் கண்மாய்த் தரையில் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தரையில் உயரத் தூக்கி அடித்த பந்து விழுந்த இடத்தில் நிற்பதில்லை. தெறித்துக் கருவேலம் புதருக்குள் ஓடிவிடும். தாழ்வாகத் தட்டி, மேடு பள்ளம் பார்த்து உருளவிட்டால்தான் நினைத்த இடத்தில் போய் நிற்கும். "தூக்காதே தம்பி, உருட்டு" என்று அம்மான் அங்கே சொன்னதையே ஸ்காட்லாந்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். காரைக்குடியிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் அங்கே போக விரும்பும் உறவினர்கள் ஒவ்வொரு குழியையும், அதாவது பந்தைத் தொடக்க இடத்திலிருந்து அடித்துக் குழிக்குள் போடும் ஒவ்வொரு கட்டத்தையும், எப்படி ஆடுவது என்று கேட்பதால் இதை எழுதுகிறேன்.

எடின்பரோவிலிருந்து ரயிலில் லூக்கர்ஸ் நிலையம் போய், அங்கிருந்து பேருந்தில் ஊருக்குள் போக வேண்டும். இந்த மைதானம் ஊருக்குப் பொதுவானது. இங்கே ஆட ஊர் மக்களுக்கு இருக்கும் உரிமையை 1552ஆம் ஆண்டிலேயே பேராயர் ஜான் ஹாமில்டன் சாசனமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். 1764இல் 22 குழிகளை 18 ஆகக் குறைத்தார்கள். உலகெங்கும் இன்று 18 குழிகள் ஆடப்படுவது அதைப் பின்பற்றித்தான். இடம் கிடைக்கப் பலரும் நம்பியிருப்பது குலுக்கலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் அன்று புல்வெளியில் உலாவப் போகிறார்கள். முதல் பாதி ஆட்டம் ஊரைவிட்டு விலகிப் போய், மறுபாதி அதே பக்கமாகத் திரும்பி வரும். போகிற வழியில் ஏழு கிரீன்களை, அதாவது குழியைச் சுற்றியுள்ள மென்புல் தரைகளை, திரும்பி வருகிறவர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். அப்படிப் பகிரும் குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: இரண்டாவதும் பதினாறாவதும், மூன்றாவதும் பதினைந்தாவதும் என்று. பங்கர் எனப்படும் மணற்பள்ளங்கள் 112 இருக்கின்றன. பழங்காலத்தில் மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடியதால், அவற்றில் பல நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாமல் கிடக்கின்றன. ஆகவே முதல்முறை போகிறவர்கள் செலவைப் பாராமல் பையைச் சுமந்து வழிகாட்டும் ஒரு கேடியை அமர்த்திக்கொள்வது மிக அவசியம்.

ஒட்டுமொத்தமாக நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: வலப்பக்கம் மஞ்சள் பூப்பூக்கும் முட்புதரும் எல்லைச் சுவரும், இடப்பக்கம் திரும்பி வருகிறவர்களின் அகன்ற ஃபேர்வே, அதாவது வெட்டிச் சீராக்கிய புல்பாதை. இடது பாதுகாப்பானது, ஆனால் அங்கிருந்து கிரீனை நோக்கும் கோணம் பெரும்பாலும் கடினமானது.

முதல் குழியில் பங்கர் ஒன்றுகூட இல்லை. பதினெட்டாவது குழியோடு சேர்ந்த ஃபேர்வே மிக அகலமானது. மிகத் தொலைவுக்கு அடிக்கும் கட்டையான டிரைவரை எடுக்காமல், சிறிய கட்டையால் இடப்பக்கம் அடித்து, கிரீனுக்கு முன்னால் ஓடும் ஸ்வில்கன் ஓடைக்கு நன்றாக இப்பால் நின்றுகொள்ள வேண்டும். ஓடை கிரீனை ஒட்டியே ஓடுவதால் உருட்ட வழியில்லை. அடுத்த அடிக்கு வழக்கத்தைவிட ஒரு படி கூடுதல் தூரம் போகும் அயர்ன் கட்டையை எடுத்து, குழியைக் காட்டும் கொடிக்கு அப்பால் விழும்படி அடிப்பது நல்லது. உருட்டலை நம்பி வந்தவர்களிடம் முதல் குழியே தூக்கி அடிக்கச் சொல்வது இந்த மைதானத்தின் அழகு.

இரண்டாவதில் இடப்பக்கம் இருக்கும் சீப்ஸ் பங்கரை விலக்கினால் போதும். மூன்றாவதில் கிரீனின் இடது முன்புறத்தை கார்ட்கேட் பங்கர் அடைத்துக்கொண்டிருப்பதால், துணிவுள்ளவர்கள் வலப்புறமிருந்து வர வேண்டும். நான்காவதில் கிரீனுக்கு முன்னால் ஒரு மேடு நிற்கிறது. அதன் ஓரமாகப் பந்தை உருட்டிவிடும்போது, கண்மாய்க் கரையில் பழகிய கைக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. ஐந்தாவது ஐந்து அடிக் குழி, அதாவது ஐந்து அடிகளில் முடிக்க வேண்டியது. செவன் சிஸ்டர்ஸ் என்னும் ஏழு பங்கர்கள் வலப்பக்கம் காத்திருப்பதால் இடப்பக்கம் போக வேண்டும். பதின்மூன்றாவதோடு சேர்ந்த கிரீன் 37,000 சதுர அடிக்கு மேல் பரந்தது. கொடி பின்னால் இருக்கும்போது முன்விளிம்பில் பந்தை நிறுத்தினால், அம்மான் சொன்னதுபோல, பந்தை உருட்டும் கட்டையான பட்டரால் அடிப்பதே ஒரு பயணமாகிவிடும்.

ஆறாவதில் டீயிலிருந்து ஃபேர்வே தெரியாது. இடப்புறம் காஃபின்ஸ் என்னும் பங்கர்கள் இருக்கின்றன. கேடி காட்டும் குறியை நம்பி அடிக்கத்தான் வேண்டும். கிரீனுக்கு முன்னே பள்ளம், கிரீனோ பின்னோக்கிச் சரிவது. இங்கே உயர்ந்து விழும் பந்து நிற்காது, பள்ளத்தின் வழியாக உருட்டுவதே முறை. ஏழாவது குழியின் பாதையும் பதினோராவதின் பாதையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், கிரீனுக்கு முன்னுள்ள ஷெல் பங்கரைப் போலவே எதிரே ஆடுகிறவர்களையும் கவனிக்க வேண்டும். எட்டாவது மூன்று அடிக் குழி. முன்னால் இருக்கும் ஷார்ட் பங்கரைத் தாண்டினால் கவலையில்லை. ஒன்பதாவது தட்டையானது, சுவையும் குறைவு. நடுவில் உள்ள இரண்டு பங்கர்களை மட்டும் ஒதுக்க வேண்டும். பத்தாவதுக்கு அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸின் பெயர். காற்று பின்னாலிருந்தால் வலுவான ஆட்டக்காரர்கள் ஒரே அடியில் கிரீனை எட்டுவார்கள்.

பதினோராவதில் நின்று பார்க்க வேண்டும். மூன்று அடிக் குழிதான். ஆனால் கிரீன் பின்னிருந்து முன்னோக்கிச் செங்குத்தாகச் சரிகிறது, இடப்புறம் ஹில் பங்கர், முன்னால் வலப்புறம் ஸ்ட்ராத் பங்கர், பின்னால் ஈடன் கழிமுகத்தின் காற்று. 1921இல் பிரிட்டனின் பெரிய போட்டியான ஓப்பனில் ஆட இளைஞராக வந்த பாபி ஜோன்ஸ் ஹில் பங்கரில் சிக்கி, இந்தக் குழியோடு போட்டியையே கைவிட்டார்; அதே மைதானத்தில் 1927இல் ஓப்பன் பட்டத்தையும் 1930இல் பணத்துக்கு ஆடாதவர்களுக்கான அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். கொடிக்கு மேலே போய்விட்டால் பட்டரால் தொட்டாலே பந்து கீழே ஓடிவிடும் என்பதால், கொடிக்குக் கீழே நின்று மேல்நோக்கித் தட்டுவதற்கு வழி வைத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாவது டீயில் நின்றால் எதிரே வெறும் புல்வெளிதான் தெரியும்; பங்கர்கள் எல்லாம் நடுவில் மறைந்திருக்கின்றன. நடுவே அடிப்பது நல்லது என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். பதின்மூன்றாவதில் கிரீனுக்கு முன் கரடுமுரடான மேடு இருப்பதால் தூக்கித்தான் அடிக்க வேண்டும். பதினான்காவதே மிக நீளமானது. வலப்புறம் எல்லைச் சுவர், இடப்புறம் பியர்டீஸ் பங்கர்கள், இவற்றுக்கு நடுவே எலீசியன் ஃபீல்ட்ஸ் என்னும் சமவெளி. அங்கே பந்து விழுந்தபின் எதிரே ஹெல் பங்கர். 1995 ஓப்பனில் ஜாக் நிக்லஸே அதிலிருந்து வெளியேற நான்கு அடிகள் எடுத்து, குழியைப் பத்தில் முடித்தார். அவர் 1970இலும் 1978இலும் இதே மைதானத்தில் பட்டம் வென்றவர் என்பதை நினைத்தால், நாம் இரண்டாவது அடியை இடப்புறம் ஐந்தாவது குழியின் ஃபேர்வேயில் போட்டு, சுற்றிவருவதில் வெட்கப்பட எதுவுமில்லை. 2000இல் டைகர் வுட்ஸ் நான்கு சுற்றுகளிலும் ஒரு பங்கரில்கூட விழாமல் வென்றார். விலகிப்போகத் தெரிவதும் இங்கே திறமைதான்.

பதினைந்தாவதில் ஊரின் தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து அடிக்கலாம். பதினாறாவதில் பிரின்சிபல்ஸ் நோஸ் என்னும் மூன்று பங்கர்களுக்கு இடப்பக்கம் போக வேண்டும். அவற்றுக்கும் வலப்புற எல்லைக்கும் இடையிலான குறுகிய வழி ஆசைகாட்டும், அதற்கு மயங்கக்கூடாது.

பதினேழாவதான ரோட் ஹோல், உலகின் மிகக் கடினமான நான்கு அடிக் குழிகளில் ஒன்று. மைதானத்தை ஒட்டிய ஓட்டலின் கொட்டகைகளுக்கு மேலாகக் கண்ணுக்குத் தெரியாத ஃபேர்வேயை நோக்கி முதல் அடி. கிரீன் குறுகலாக, உயர்ந்து, குறுக்காகக் கிடக்கிறது. முன்னால் இடப்புறம் ஆழமான பங்கர், பின்னால் சாலையும் கற்சுவரும். பந்து சாலையில் போய் நின்றால் அங்கிருந்தே அடிக்க வேண்டும். 1978இல் டாமி நகாஜிமா அந்தப் பங்கரில் மாட்டி ஒன்பது எடுத்தார். ஐந்து அடிக் குழி என்றே எண்ணிக்கொண்டு, இரண்டாவது அடியைக் கிரீனின் முன் வலப்புறத்தில் விட்டு, அங்கிருந்து பட்டரால் ஏற்றுவதே நம்மைப்போன்றவர்களுக்கு உகந்தது. 2022 ஓப்பனின் கடைசி நாளில் கேமரன் ஸ்மித், பங்கருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, தூக்கி அடிக்காமல், பட்டரால் பங்கரைச் சுற்றி உருட்டிவிட்டு நான்கில் முடித்துப் பட்டம் வென்றார். அம்மான் அந்த இடத்தில் நின்று, சரிவு எப்படி வளைகிறது என்று எனக்கு வெகுநேரம் காட்டினார்.

பதினெட்டாவதில் கிளப் கட்டடத்தின் கடிகாரத்தைக் குறிவைத்து அடித்து, ஸ்வில்கன் பாலத்தைக் கடந்து நடக்க வேண்டும். கிரீனின் இடது முன்புறத்தில் வேலி ஆஃப் சின் என்னும் பள்ளம் இருக்கிறது. 1995இல் கோஸ்டான்டினோ ரோக்கா தூக்கி அடிக்க முயன்ற பந்து தவறி அந்தப் பள்ளத்தில் நின்றது. அடுத்து அவர் பட்டரை எடுத்து, பள்ளத்திலிருந்து உருட்டியே குழியில் போட்டார். அந்த அடிதான் அவரை ஜான் டேலியுடன் சமநிலையாக்கி, வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனது. எங்கள் இருவரின் பந்தும் பள்ளத்தில்தான் நின்றன. இருவரும் பட்டரையே எடுத்தோம். அம்மான் நான்கிலும் நான் ஐந்திலும் முடித்தோம்.