14 ஆண்டுகள் நின்றிருந்த மோரிஸ் மைனரும் அதன் விக்கலும்

1959-இல் தயாரான, 948 சிசி எஞ்சின் கொண்ட மோரிஸ் மைனர் என்னும் பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று 14 ஆண்டுகளாகக் கொட்டகையில் அசையாமல் நின்றிருந்தது. அதை ஓட வைக்க எனக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. சீராக ஓட வைக்க மேலும் ஏழு வாரங்கள் பிடித்தன. இரண்டாவது கட்டத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன். ஆகவே முதல் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே போகிறேன்.

நெடுநாள் நின்ற எஞ்சினை உடனே ஸ்டார்ட்டர் போட்டுச் சுழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்துச் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருந்தால், அந்த ஒரு சுழற்சியிலேயே வளையம் முறியக்கூடும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது மெல்லிய எண்ணெயை விட்டு, ஒரு வாரம் ஊற வைத்தேன். எட்டாம் நாள் முன்பக்கத்துக் கைப்பிடியைச் செருகி அழுத்தியபோது, சிறிது நேரம் முரண்டு பிடித்த எஞ்சின், பிறகு மழைக்காலத்து மரக்கதவு திறப்பதைப் போல ஒரு முனகலுடன் கால் சுற்று நகர்ந்தது. கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்புறமாக வளைத்துப் பிடித்திருந்து எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கட்டைவிரல் போய்விடும். பிளக் இல்லாத எஞ்சின் உதைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பழக்கத்தை நான் விடுவதில்லை.

எஞ்சின் சுழன்றதும் அதை அப்படியே விட்டுவிட்டு பிரேக் வேலையில் இறங்கினேன். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், நான்கு சக்கரங்களிலும் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களும் உள்ளே துருவேறி இறுகிக் கிடந்தன. இந்தக் காரில் பெடலை மிதித்ததும் அவற்றுக்குத் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழிந்தது. பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் நாற்றம் வீசியது. பழைய பெட்ரோல் பிசினாக மாறியிருந்ததால் டேங்கை இறக்கிக் கழுவி, அதற்குப் பின்னால் இருந்த ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றினேன்.

பேட்டரி இணைக்கும்போது ஒரு கணம் தவறியிருப்பேன். இந்தக் காரில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகிறது. இன்றைய கார்களுக்குப் பழகிய கை தன்னிச்சையாக நெகட்டிவை அங்கே கொண்டுபோகும். சாவியைத் திருப்பியதும் பெட்ரோலைக் கார்பரேட்டருக்கு அனுப்பும் எஸ்.யூ. மின்பம்ப் டிக் டிக் என்று அடிக்க வேண்டும். அது ஊமையாக இருந்தது. ஸ்பேனரின் பிடியால் அதன் உடலில் லேசாக ஒரு தட்டு தட்டியதும் உயிர் வந்தது, ஏனெனில் அதற்குள் இருக்கும் பாயிண்டுகள், அதாவது மின்தொடர்பு முனைகள், ஓடாமல் கிடந்தால் கறுத்துத் தொடர்பை இழக்கின்றன. அந்த ஓசையைக் கொண்டே பல குறைகளைக் கணிக்கலாம். கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறை நிறைந்ததும் ஓசை நின்றுவிட்டால் எல்லாம் சரி. நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் எங்கோ காற்றை இழுக்கிறது. எஞ்சின் ஓடாதபோதும் சில வினாடிகளுக்கு ஒருமுறை அடித்தால் கார்பரேட்டரின் ஊசி வால்வு கசிகிறது.

ஐந்தாம் வாரக் கடைசியில் எஞ்சின் ஓடியது. அப்போதைய கம்ப்ரஷன் அளவு, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், மூன்று சிலிண்டர்களில் சதுர அங்குலத்துக்கு 115 பவுண்டுக்கு அருகிலும், மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 70 பவுண்டாகவும் இருந்தது. அதற்காக உடனே எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றவில்லை. ஒட்டிய வளையங்கள் சூட்டில் இளகட்டும் என்று விட்டேன். வால்வு இடைவெளியை 0.3 மி.மீ. அளவுக்குச் சரிசெய்தேன். எட்டு வால்வுகளில் எது முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், அப்போது அளக்க வேண்டிய வால்வின் எண் கிடைத்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாத ஐடிலிங்கில் தையல் இயந்திரம்போல ஓடிய எஞ்சின், ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தியதும் விக்கி, இரண்டு மூன்று முறை மிஸ்ஸிங் அடித்து, சில நேரம் கார்பரேட்டர் வழியாகத் தும்மவும் செய்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வரும் குறை என்பதால் பெட்ரோல் பற்றாக்குறை என்றே முடிவுகட்டினேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரை நான்கு முறை பிரித்தேன். அதற்குள்ளேயே இருக்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டால் தடையின்றி இறங்கிக் கணீரென்று தட்ட வேண்டும், தட்டியது. மேலே உள்ள குழலில் எண்ணெய் ஊற்றினேன், ஜெட்டை நடுவில் பொருத்தினேன், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை மாற்றினேன். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனை ஏறக்குறைய 1 மி.மீ. உயர்த்தியபோது எஞ்சின் வேகம் கணநேரம் கூடிப் பழைய நிலைக்கே திரும்பியது. கலவை சரியாக இருப்பதன் அடையாளம் அது. கார்பரேட்டர் தன்மேல் குற்றமில்லை என்று இப்படிப் பலவிதமாகச் சொல்லியும் நான் ஆறு வாரங்கள் காது கொடுக்கவில்லை.

ஏழாவது வாரத்தில், கார்பரேட்டரிலிருந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உறிஞ்சுவிசையைக் கொண்டுசெல்லும் மெல்லிய வேக்குவம் குழாயை வேறொரு வேலைக்காகக் கழற்றித் துளையை அடைத்திருந்தபோது, விக்கல் அடியோடு மறைந்தது. குழாயின் மறுமுனை டிஸ்ட்ரிபியூட்டரிலேயே இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் அந்தக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். எஞ்சின் இருமியது, விட்டதும் சரியாயிற்று, மீண்டும் உறிஞ்சியதும் நின்றே போயிற்று.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் உள்ளே சுழலும் ரோட்டரையும் எடுத்துப் பார்த்தேன். வேக்குவம் இழுக்கும்போது, பிளக்கில் பொறி விழ மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் பொருத்தப்பட்ட தட்டு சிறிது சுழலும். வெளி முனையத்திலிருந்து பாயிண்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் விரல் நீள வயர் அதனோடு சேர்ந்து வளைய வேண்டும். வெளியே பார்க்க அந்த வயரில் ஒரு கீறல்கூட இல்லை. இரு விரல்களால் பிடித்து இழுத்தபோதுதான் அது ரப்பர்போல நீண்டது: உறை முழுதாக இருக்க, உள்ளே செப்பு இழைகள் அனைத்தும் அறுந்திருந்தன. ஐடிலிங்கில் வேக்குவம் துளை, கார்பரேட்டரில் காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் மறைவில் இருப்பதால் தட்டு அசையாது, அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். த்ராட்டில் திறந்ததும் தட்டு சுழன்று நுனிகளைப் பிரித்துவிடும். கார்பரேட்டர் கோளாறுபோல நடிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

சாதாரண வயர் இந்த இடத்துக்கு ஆகாது. அது விறைப்பாக இருந்து தட்டின் அசைவைத் தடுக்கும், சில மாதங்களில் மறுபடியும் அறும். மிக நுண்ணிய இழைகள் பல சேர்ந்த, துணி உறையிட்ட வயரைத் தேடி வாங்கி, தட்டு முழுதாகச் சுழன்றாலும் இறுகாதபடி சிறிது தொய்வு விட்டுப் பற்றவைத்தேன். பாயிண்ட் இடைவெளியை 0.4 மி.மீ. என்றும் பிளக் இடைவெளியை 0.6 மி.மீ. என்றும் வைத்து, பொறி விழும் நேரமான டைமிங்கையும் ஒருமுறை சரிபார்த்தேன்.

நேற்று 40 கி.மீ. ஓட்டினேன். மூன்றாவது கியரில் மேடு ஏறும்போதுகூட விக்கல் இல்லை. திரும்பி வந்து சூட்டோடு அளந்ததில் மூன்றாவது சிலிண்டர் 105 பவுண்டு காட்டியது. பின்பக்க இடது சக்கரத்தின் உட்புறத்தில் பிரேக் திரவத்தின் ஈரம் தெரிகிறது. அடுத்த விடுமுறையில் அந்த டிரம்மைக் கழற்ற வேண்டும்.