ஆரம்பாக்கத்திலிருந்து ராக்கெட் பார்க்கிறவர்களுக்கு

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் தடா, ஆரம்பாக்கம், சூளூர்பேட்டை, பழவேற்காடு பக்கமெல்லாம் மொட்டைமாடியும் ஏரிக்கரையும் நிரம்பிவிடும். நெருப்பு எழுந்ததும் கைதட்டல். இரண்டு நிமிடத்தில் புள்ளி மறைந்ததும் எல்லோரும் இறங்கிப் போய்விடுகிறார்கள். ராக்கெட்டுக்குக் கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் சேர்த்துப் பார்க்கப் பழகிவிட்டால் ஒவ்வொரு ஏவுதலும் இன்னும் நன்றாகப் புரியும்.

முதலில் எங்கே நிற்பது என்பது. சூளூர்பேட்டையில் நின்றால் ஏவுதளம் நேர் கிழக்கே இருக்கும். காலை நேர ஏவுதல் என்றால் சூரியன் கண்ணில் அடிக்கும். ஆரம்பாக்கத்திலிருந்து வடகிழக்கே, நேர்க்கோட்டில் ஏறக்குறைய 28 கி.மீ. பழவேற்காட்டிலிருந்து வடக்கே, சுமார் 35 கி.மீ. தூரம் கூடுதல்தான், ஆனால் வெயில் தொல்லை இல்லை. ராக்கெட் வடக்கே எழுந்து, கிழக்கு வானத்தைக் கடந்து தென்கிழக்கே போவதை முழுசாகப் பார்க்கலாம். படம் எடுக்கிறவர்களுக்கு அந்தக் கரைதான் சரி.

எந்தப் பக்கம் திரும்பும் என்பது ராக்கெட்டின் பெயரைப் பொறுத்ததல்ல, செயற்கைக்கோள் போக வேண்டிய சுற்றுப்பாதையைப் பொறுத்தது. 2025 நவம்பர் 2 அன்று எல்விஎம்3-எம்5 ராக்கெட் கொண்டுபோன சிஎம்எஸ்-03, 4,410 கிலோ எடையுள்ள தகவல் தொடர்புச் செயற்கைக்கோள். அது கிழக்கே, சற்றே தெற்காகச் சாய்ந்து போனது. அதே ஆண்டு ஜூலை 30 அன்று பூமியைக் கண்காணிக்கும் நிசார் செயற்கைக்கோளைத் தூக்கிய ஜிஎஸ்எல்வி-எஃப்16, துருவங்களுக்கு மேலாகச் செல்லும் பாதைக்காகத் தெற்கு நோக்கிப் போனது. நேராகத் தெற்கே விட்டால் வழியில் இலங்கை. அதனால் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு வளைய வேண்டும், அந்த வளைவுக்கே எரிபொருள் கரைகிறது. சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்விக்கு இந்த இழப்பு தாங்காது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து சத்தம். ஆரம்பாக்கத்துக்கு அது வந்து சேர 80 நொடி ஆகும். பக்கவாட்டில் ஆறு பூஸ்டர் (துணை ராக்கெட்) கட்டிய பிஎஸ்எல்வி-எக்ஸ்எல் என்றால், தரையில் பற்றிய நான்கும் 70 நொடி வாக்கில் கழன்றுவிடும். அதாவது கிளம்பிய சத்தம் காதில் விழும்போது, ராக்கெட் அந்த நான்கையும் உதறிவிட்டிருக்கும். சத்தம் வரவில்லையே என்று பதறவேண்டாம். காற்று எதிர்த்திசையில் அடித்தால் மங்கலாகத்தான் கேட்கும். நன்றாக வரும் நாளில் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

புகையைப் படிக்கலாம். திட எரிபொருளில் அலுமினியத் தூள் உண்டு. அது எரிந்து உண்டாகும் ஆக்சைடுதான் அந்தக் கெட்டியான வெள்ளைப் புகையும் கண்கூசும் வெளிச்சமும். பிஎஸ்எல்வியில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு நிலைகள்; முதல் நிலை 110 நொடி வாக்கில், 50 கி.மீ. உயரத்தைத் தாண்டி எரிந்து தீரும். உடனே இரண்டாம் நிலையின் விகாஸ் எஞ்சின் பற்றும். அது திரவ எரிபொருள், புகை மிகக் குறைவு. வெள்ளைக் கோடு பட்டென்று அறுந்து நிற்பதைப் பார்த்து ‘வெடிச்சிடுச்சு’ என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். வெடிக்கவில்லை, நிலை மாறியிருக்கிறது. ஜிஎஸ்எல்வியில் இது தலைகீழ்: பக்கவாட்டில் உள்ள நான்கு திரவ பூஸ்டர்களும் நடுவிலுள்ள திட மோட்டாருக்குச் சில நொடி முன்பே பற்றும், நடு மோட்டார் அணைந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும்.

இன்னொரு தவறான கணிப்பு, ‘கீழே இறங்குது’ என்பது. ராக்கெட் நம்மைவிட்டு விலகிக் கடலுக்கு மேலே வேகம் பிடிக்கிறது, அதனால் அடிவானத்தை நோக்கிச் சரிவதுபோல் தெரிகிறது. உயரம் கூடிக்கொண்டேதான் இருக்கும்.

இனி கண்ணுக்கு எட்டாத பகுதி. இங்கே போனில் இஸ்ரோவின் நேரலையைத் திறந்துகொள்ளுங்கள். திரையில் திட்டமிட்ட பாதை ஒரு கோடாகவும் ராக்கெட் போகும் பாதை அதன்மேல் நகரும் புள்ளியாகவும் வரும். உயரத்தைவிட வேகத்தைப் பாருங்கள். சுற்றுப்பாதையில் நிற்க நொடிக்கு ஏறக்குறைய 7.5 கி.மீ. வேண்டும்.

பிஎஸ்எல்வியின் மூன்றாம் நிலை, கெவ்லார் இழையில் சுற்றிய உறைக்குள் சுமார் 7.6 டன் திட எரிபொருள். 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 தோற்றது இங்கேதான். உறைக்குள் அழுத்தம் குறைந்தது, அது சுமந்த இஓஎஸ்-09 செயற்கைக்கோள் போய்விட்டது. 2026 ஜனவரி 12 அன்று சி62-உம் மூன்றாம் நிலையின் முடிவில் சுழற்சி கலங்கிப் பாதை விலகியது. இரண்டு முறையும் நம் கண்ணுக்குத் தெரிந்த முதல் பகுதி எந்தக் குறையும் இல்லாமல் போனது.

அழுத்தம் குறைந்தால் ஏன் மீள முடியவில்லை? பற்றவைத்த திட மோட்டாரை அணைக்கவோ கூட்டவோ முடியாது. உறையில் கசிந்தாலோ, நாசிலின் (வாயு வெளியேறும் குழலின்) கழுத்து அரித்து அகன்றாலோ, உள்ளே அழுத்தம் விழும், உந்துவிசையும் கூடவே விழும். விட்டுப்போன வேகத்தை ஈடுகட்ட நான்காம் நிலையிலுள்ள 2.5 டன் திரவ எரிபொருள் போதாது. ஐரோப்பாவின் வேகா-சி ராக்கெட் 2022 டிசம்பரில் இப்படித்தான் விழுந்தது. இரண்டாம் நிலை நாசிலின் கழுத்தில் வைத்த கார்பன் வளையம் எதிர்பார்த்ததைவிட வேகமாக அரித்துப்போனது. சில மாதங்களில் காரணத்தை வெளியிட்டார்கள், வளையத்தை மாற்றினார்கள், 2024 டிசம்பரில் மறுபடி பறந்தார்கள்.

சி61-இன் ஆய்வறிக்கை மக்கள் பார்வைக்கு வராமலேயே சி62 பறந்தது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட பயணங்களில் சம்பாதித்த நம்பிக்கை பிஎஸ்எல்விக்கு உண்டு. என்ன உடைந்தது என்று சொன்னால் அந்த நம்பிக்கை குறையாது. சி62-இல் வெளிநாட்டுச் சிறு செயற்கைக்கோள்களும் இருந்தன, அவற்றைச் செய்தவர்களுக்கும் பதில் வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையமான ஷாரின் பார்வையாளர் மாடத்துக்கு இணையத்தில் முன்பதிவு உண்டு, கட்டணமில்லை, இடம் சீக்கிரம் தீரும். அடையாள அட்டை கட்டாயம். சென்னையிலிருந்து சூளூர்பேட்டை வரை புறநகர் ரயில் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம் தாழ்ந்து நின்றால், பத்து நொடி வெளிச்சமும் சத்தமும் மட்டும்தான். பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவித்துவிட்டால் தேதி ஏறக்குறைய உறுதி. நேரம் மட்டும் கடைசியிலும் மாறும்: 2025 டிசம்பர் 24 அன்று எல்விஎம்3-எம்6, வழியில் வேறு பொருள் மோதும் வாய்ப்பிருந்ததால் 90 நொடி தள்ளிப்போனது. கேமராவை டைமரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், நேரலையின் கவுண்ட்டவுனைக் கேட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.