முட்டிடிச்சான்பாறையில் என்ன கேட்பது

திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்து கிறிஸ்தவராகி, அதற்காகச் சிறைப்பட்டு 1752-ல் சுட்டுக்கொல்லப்பட்ட புனித தேவசகாயத்துக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில்தான் தொடங்குகிறார்கள். நாகர்கோவிலில் இறங்கியதும் பக்கத்தில் இருப்பது அது. அங்குள்ள தேவசகாயத்தின் கல்லறையில் மாலை வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, வேன் ஏறி ஆரல்வாய்மொழி, திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சி, இருட்டுமுன் வீடு. நேர்ச்சை தீர்ந்தது, அதில் குறை இல்லை. ஆனால் கடன், நோய், போன வேலை, வீட்டில் ஒரு சாவு என்று ஏதாவது ஒன்றைச் சுமந்து வருகிறவர்கள் கல்லறையில் தொடங்க வேண்டாம். அவர் பட்டதை அவர் பட்ட வரிசையில் பாருங்கள். இரண்டு நாள் பிடிக்கும். முதல் நாள் மேற்கே நட்டாலம், பத்மநாபபுரம், உதயகிரி, புலியூர்க்குறிச்சி, பெருவிளை. மறுநாள் கிழக்கே வடக்கன்குளம், காற்றாடிமலை, கடைசியில் கோட்டாறு. இதில் வடக்கன்குளம் மட்டும் வரிசை தப்பும்; அதைத் தவிர்க்க நினைத்தால் பாதிப் பொழுது சாலையிலேயே போய்விடும்.

நட்டாலம் மார்த்தாண்டத்துக்குத் தெற்கே, கருங்கல் போகும் பக்கத்தில் உள்ளது. 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்டனாக அவர் பிறந்த ஊர். காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மகா சிவராத்திரியை ஒட்டி மட்டும் கார் எடுத்துப் போக வேண்டாம். பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு ஓடியே போகும் சிவாலய ஓட்டத்தின் கடைசிக் கோவில் அங்கேதான், காவி உடுத்து விசிறியோடு ஓடிவரும் பக்தர்களால் சாலை நிறைந்திருக்கும். அது அவர்களுடைய நேர்ச்சை, வழிவிட வேண்டியது நாம்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் ஞாயிறு திருப்பலிக்கு வந்து தங்கி, திங்கள் காலை பூட்டிய வாசலில் நிற்கும் குடும்பங்கள் நிறைய. அரண்மனையின் அழகுக்காக இல்லாவிட்டாலும் ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். திருவிதாங்கூர் மன்னன் மார்த்தாண்டவர்மாவின் ஆட்சியில், நீலகண்டசுவாமி கோவிலிலும் அரண்மனையிலும் பொறுப்பில் இருந்த மனிதர் அவர். சம்பளம், மதிப்பு, குலப்பெருமை எதற்கும் குறைவில்லை. அப்போதுதான் மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது, குடும்பச் சொத்து கரைந்தது.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. வனத்துறைப் பூங்காவாக இருப்பதால் நுழைவுச்சீட்டு உண்டு. பிள்ளைகள் மான் பார்க்கப் போகட்டும், பெரியவர்கள் இடிந்த சிற்றாலயத்துக்குள் டி லெனாயின் கல்லறைக்குப் போங்கள். தமிழிலும் லத்தீனிலும் கல்வெட்டு இருக்கிறது. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி இவர். சொந்த நாடு திரும்பாமல், தோற்கடித்த மன்னனின் படைக்கே பயிற்சி கொடுத்து 1777-ல் இங்கேயே இறந்தார். வாடிய முகத்தோடு வந்த நீலகண்டனுக்கு, எல்லாம் இழந்தும் விசுவாசத்தை விடாத விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னது இவர்தான். இதை நாம் சரியாகக் கவனிப்பதில்லை. சொன்னவர் குருவும் அல்ல, சுகமாக வாழ்ந்தவரும் அல்ல. எல்லாம் இழந்த ஒருவர், இழந்துகொண்டிருந்த இன்னொருவரிடம் பேசினார். சீடத்துவம் அங்கே தொடங்கியது. பங்கில் துக்க வீட்டுக்குப் போய் என்ன சொல்வதென்று தயங்குகிற அன்பியக் குழுக்கள் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்கள்) இந்தக் கல்லறை முன் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

அங்கிருந்து சற்றுத் தூரம்தான் புலியூர்க்குறிச்சி, நெடுஞ்சாலையை ஒட்டி. 1749 பிப்ரவரி 23 அன்று கைதானபின், எருமை மேல் பின்புறம் திருப்பி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, உடம்பில் செம்புள்ளி கரும்புள்ளி குத்தி, அடித்த காயத்தில் மிளகுப்பொடி தேய்த்து ஊர் ஊராக இழுத்து வந்தார்கள். தாகத்துக்குக் கொடுத்தது நாற்றமடிக்கும் குட்டைத் தண்ணீர். இந்தப் பாறையில் மண்டியிட்டு மன்றாடி முழங்கையால் இடித்தார், தண்ணீர் வந்தது. அதுதான் முட்டிடிச்சான்பாறை.

குழி மிகச் சிறியது. இரண்டு லிட்டர் குப்பியோடு வந்து நிரப்ப நிற்கிறவர்களால்தான் வரிசை நகராமல் நிற்கிறது. அவசரத்தில் கலக்கிவிட்டால் பின்னால் வருகிறவருக்குக் கலங்கல்தான். மருந்துக் குப்பி அளவு போதும். கால் கழுவுவது, காசு போடுவது, மெழுகு சிந்துவது எல்லாம் அங்கே வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டு நாக்கில், ஒரு விரல் நெற்றியில், பிறகு விலகி ஓரமாக நிற்கலாம். நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

மோசே ஓரேபில் பாறையை அடித்தபோது ஒரு மக்கள்கூட்டமே குடித்தது. இங்கே ஒருவருக்கு, அன்றைய தாகத்துக்கு மட்டும். விலங்கு அவிழவில்லை. காவலர்கள் மனம் மாறி விட்டுவிடவில்லை. மன்னனின் ஆணை மாறவில்லை. தண்ணீர் வந்த பிறகும் அவர் கைதிதான், அதே எருமைதான், அதே வழிதான். கடைசிவரை கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்று வருடச் சிறை. வேண்டுதல் கேட்கப்பட்டது, ஆனால் துன்பம் அப்படியே இருந்தது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் நடந்த பாறை இது. அதனால் இங்கே வந்து முழுப் பட்டியலையும் வாசிக்காதீர்கள். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், வழக்கில் வெற்றி, அறுவைச் சிகிச்சை வேண்டாமல் குணம், இவற்றையெல்லாம் கோட்டாற்றில் கேட்கலாம், அவர் கேட்பார். பாறையில் கேட்க வேண்டியது நாளை காலை எழுந்து நடக்கப் போதுமான அளவு. கேட்டுப் பாருங்கள், சுவாமி. வெறுங்கையோடு அனுப்பும் பாறை அல்ல அது. ஸ்தோத்திரம், ஆயிரம் ஸ்தோத்திரம்.

பெருவிளை, நாகர்கோவிலுக்கு மேற்கே ஆசாரிபள்ளம் பக்கம். மரண தண்டனையை நிறைவேற்றும் கொலைஞர் வீட்டு வளாகத்தில் வேப்பமரத்தில் ஏழு மாதம் கட்டிப்போட்டிருந்தார்கள். அங்கேயே நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள், அவர் பறித்துக் கொடுத்த வேப்பிலையில் குணமானார்கள், பிள்ளையில்லாத கொலைஞர் வீட்டிலும் தொட்டில் ஆடியது என்பது வழிவழியாக நம் பெரியவர்கள் சொன்னது. கட்டிப்போட்டவனுக்கே ஜெபித்திருக்கிறார்! ஆளுக்கொரு கொத்து வேப்பிலை உடைத்தால் மரம் தாங்குமா? உதிர்ந்த இலை போதும்.

மறுநாள் விடியற்காலை காவல்கிணறு வழியாக வடக்கன்குளம். திருவிதாங்கூருக்குள் ஞானஸ்நானம் கொடுத்தால் மன்னனின் கோபம் எல்லார்மேலும் திரும்பும் என்பதால், டி லெனாயின் கடிதத்தோடு கணவாய் கடந்து இங்கே வந்தார். 1745 மே மாதம், இயேசு சபைக் குரு புத்தாரி கையால் ஞானஸ்நானம். நம் மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்த குரு அவர். பிறகு மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார். ஞானப்பூ அம்மாளின் கல்லறை இந்த ஊரில்தான், வேன்காரர்கள் பலர் நிறுத்துவதே இல்லை. கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள். கணவனை இழந்து, ஊர் திரும்ப முடியாமல், விசுவாசத்தை விடாமல் வாழ்ந்தவர் அவர்.

இந்த ஊரின் திருக்குடும்ப ஆலயத்தில் ஒரு வலியும் உண்டு. 1872-ல் கட்டி முடித்தபோது சாதிக்கொரு பக்கமாக இரண்டு கூடங்கள், நடுவே சுவர், சந்திப்பது பீடத்தில் மட்டும். அந்தச் சுவரை 1910-ல்தான் இடித்தார்கள். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் தேவசகாயத்தின் மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே இப்படி! புனிதர் பட்டத்துக்குமுன் வத்திக்கான் அவர் பெயரிலிருந்து ‘பிள்ளை’யை எடுத்தது. நம் ஆட்கள் சிலர் சுவரொட்டியில் இன்றும் எடுக்கவில்லை.

காற்றாடிமலைக்கு நாகர்கோவில்–திருநெல்வேலி வழித்தடத்தில் ஆரல்வாய்மொழியில் இறங்க வேண்டும். இடைநில்லாப் பேருந்தில் ஏறிவிட்டால் நேராக நெல்லைதான், ஏறுமுன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று மெழுகுதிரியை நிற்க விடாது. எரியவில்லையே என்று அபசகுனம் பார்க்க வேண்டாம். கண்ணாடிக் கூட்டில் வைக்கும் திரி கொண்டுபோனால் ஆயிற்று. மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், முதியவர்கள் அடிவாரத்து வியாகுல அன்னை ஆலயத்தில் இருந்துகொள்வது நல்லது. பத்து மணிக்குமேல் வெறுங்காலோடு பாறையில் நிற்க முடியாது.

1752 ஜனவரி 14 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டது இந்த மலையில்தான். மண்டியிட்டு ஜெபித்த தடங்கள் என்று காட்டப்படும் இடத்தில் முழங்காலிடுங்கள். பக்கத்தில் மணியடிச்சான் பாறை, கல்லால் தட்டினால் மணி ஓசை. அவர் சுடப்பட்டபோது உருண்டு விழுந்து மணியாய் ஒலித்ததென்பது நம்பிக்கை. அங்கே சிறுவர்களின் கையில் கல்லைக் கொடுத்துக் காணொளி எடுக்கும் கூட்டம் இருக்கிறதே, பக்கத்தில் ஒரு தாய் முந்தானையால் வாய்பொத்தி அழுதுகொண்டிருப்பது கண்ணில் படாதா? ஜனவரி 14 பொங்கல் விடுமுறையோடு சேர்வதால் கூட்டம் கட்டுக்கடங்காது. ஆட்டோக்காரர்கள் ‘அஞ்சு கோவிலும் ஒரே வாடகை’ என்று மறிப்பார்கள். எந்த ஐந்து, எங்கே எவ்வளவு நேரம் நிற்பார் என்று பேசிமுடிக்காமல் ஏறாதீர்கள். சாதாரண வாரநாள் காலையே உத்தமம்.

கோட்டாற்றுக்கு மாலைத் திருப்பலிக்கு வந்து சேரலாம். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை சவேரியார் திருவிழா, அப்போது கல்லறைப் பக்கம் நெருங்கவே நேரமாகும். காட்டில் எறிந்த உடலின் எச்சத்தைப் பொறுக்கி எடுத்து, அஞ்சாமல் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தவர்களின் பெயரெல்லாம் யாருக்குத் தெரியும்? அவர்களுக்கு நன்றி. டி லெனாய்க்கு நன்றி, பரஞ்சோதிநாதருக்கு நன்றி, ஞானப்பூ அம்மாளுக்கு நன்றி. 2012 டிசம்பர் 2 அன்று இதே நாகர்கோவிலில் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு அறிவிப்பு, 2022 மே 15 அன்று ரோமில் பாப்பரசர் பிரான்சிஸ் கையால் புனிதர் பட்டம், குருவோ துறவியோ அல்லாத, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர்! 270 வருடம் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்ட பாட்டிமாருக்கு நன்றி. இத்தனை பேருக்கும் ஒரு நன்றித் திருப்பலி போதாதுதான். முந்தின நாளே பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள், விழாக் காலமென்றால் இன்னும் முன்பே.